5000 பெரிதா, 1500 பெரிதா?

கேள்வி: என் செல்போன் பேட்டரியில் 5000 என்று போட்டிருக்கிறது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலில் 1500தான். அப்படியானால் போன்தானே அதிக மின்சாரம் இழுக்கும்? சார்ஜ் ஏறியதும் ஓடிப்போய் சார்ஜரைப் பிடுங்கி வைக்கிறேன். இது போதுமா?

பதில்: பிடுங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கெட்டில்தான்.

அந்த இரண்டு எண்களும் வேறு வேறு சங்கதிகள். 5000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பது பேட்டரி மொத்தமாக எவ்வளவு மின்னூட்டம் தாங்கும் என்ற கணக்கு. 1500 வாட் என்பது கெட்டில் நொடிக்கு நொடி ஆற்றலைக் குடிக்கும் வேகம். ஒன்று தொட்டியின் கொள்ளளவு, மற்றது குழாயில் தண்ணீர் பாயும் வேகம். இரண்டையும் ஜூல் என்ற ஆற்றல் அலகுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல்.

5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியர்-மணி. போன் பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். பெருக்கினால் 19 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 69,000 ஜூல். கெட்டிலுக்கு நொடிக்கு 1500 ஜூல். வகுத்துப் பாருங்கள், 46 நொடி வரும்! பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் மெல்ல இரையத் தொடங்கியிருக்கும், கொதி இன்னும் வந்திருக்காது. அதற்குள் போனின் ஒரு முழு சார்ஜ் அளவு மின்சாரம் போயிருக்கும். சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எனக்கு எப்போதும் வியப்புதான்: கிட்டத்தட்ட அதே 69,000 ஜூல் ஒரு தேக்கரண்டி, அதாவது 4 கிராம் சர்க்கரையிலும் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தில் அதை 16 கிலோகலோரி என்று எழுதுவார்கள்.

சும்மா செருகி வைத்திருக்கும் சார்ஜர் எவ்வளவு இழுக்கும்? இன்றைய நல்ல சார்ஜர் என்றால் 0.1 வாட் அளவுக்குத்தான். ஒரு நாள் முழுக்கச் செருகியே இருந்தாலும் கெட்டில் 6 நொடியில் தின்னும் அளவு.

கெட்டிலுக்கு ஏன் இத்தனை பசி? குறை கெட்டிலில் இல்லை, தண்ணீரைச் சூடாக்குவதே அவ்வளவு செலவு பிடிக்கும் வேலை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற சுமார் 4190 ஜூல் வேண்டும். அதே ஆற்றலைத் தூக்குவதற்குச் செலவிட்டால் அந்தத் தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். 1840களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல், இறங்கும் எடையால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழல வைத்து, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பொறுமையாக அளந்துதான் இந்த உறவை நிலைநாட்டினார். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் ஆற்றல், கணக்குப்படி அதை 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். எவரெஸ்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! 60 கிலோ எடையுள்ள ஒருவரை 39 மாடி உயரத்துக்குத் தூக்கவோ ஒரு போன் சார்ஜ் போதும். தூக்குவது மலிவு, சூடாக்குவதுதான் விலை.

ஆகவே வீட்டில் எது தண்ணீரைச் சூடாக்குகிறதோ அதைக் கவனியுங்கள். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுவருவது, சார்ஜர் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் போனைப் பத்து முறை சார்ஜ் செய்வதற்குச் சமம். ஹீட்டரின் வெப்பநிலையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கெட்டிலின் உள்பக்கம் அளவுக்கோடு இருக்கும். எத்தனை கோப்பை தேவையோ அந்தக் கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். 200 மில்லி கூடுதலாகக் கொதிக்க வைத்துக் கீழே கொட்டினால், போன் பேட்டரி கொள்ளும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான மின்சாரம் போய்விடும்.