சொற்பொருள் பட்டியலும் வகுப்பறை வாசிப்பும்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பாடத்தின் இறுதியிலுள்ள சொற்பொருளை மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் பிழையின்றி எழுதுகிறார்கள். அதே சொல் வேறொரு கதையில் வந்தால் திகைக்கிறார்கள். கதை வாசிக்கும்போதே சொற்களைப் பதியவைப்பது எப்படி? அகராதியை எப்போது கையில் கொடுக்கலாம்?
– ஓர் ஆசிரியை, சென்னை

பதில்: இதில் மாணவர்கள் மீது குற்றமில்லை. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை, அதாவது செய்யுளாக அமைந்த பழைய சொற்பொருள் நூலை, ஒப்பித்தவர்களுக்குச் செய்யுளின் எதுகையும் மோனையுமாவது துணை நின்றன. நாம் தரும் பட்டியலுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை, சொல் புழங்கிய வாக்கியத்தின் துணையும் இல்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'பொழுது சாய்ந்ததும் உழவர் மடையை அடைத்துவிட்டு வீட்டை அடைந்தார்.' நகரத்துப் பிள்ளைகள் பலர் மடையைப் பார்த்திருக்கமாட்டார்கள். வாசிக்கும் முன்பே 'மடை என்றால் நீர் பாயும் வழி' என்று சொல்லிவிட்டால் அவர்கள் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது. மாறாக, வாக்கியத்தை முழுவதும் வாசித்தபின், 'அவர் எதை அடைத்திருப்பார்? அடைக்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று கேளுங்கள். கதவு என்பான் ஒருவன். வயலுக்கு ஏது கதவு என்பாள் இன்னொருத்தி. முந்தைய பத்தியில் வாய்க்கால் வந்திருந்தால் அதை யாராவது ஒருவர் நினைவூட்டுவார். பிறகு கரும்பலகையில் வாய்க்காலையும் வயலையும் வரைந்து, நீரை நிறுத்த மண்ணிட்டு அடைக்கும் அந்தத் திறப்பைக் காட்டினால் போதும். 'மடை திறந்த வெள்ளம்போல்' என்னும் வழக்கையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அதே வாக்கியத்தில் 'அடைத்து', 'அடைந்தார்' என இரண்டு சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் மூடுகிறார், மற்றொன்றில் போய்ச் சேருகிறார். ஒற்றெழுத்து மாறியதும் பொருளே மாறிவிட்டதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். நாம் பொறுப்பதுதான் கடினம்!

ஒரு வாசிப்புக்கு மூன்று அல்லது நான்கு சொற்களுக்கு மேல் நிறுத்த வேண்டாம். அதற்கு மேல் நிறுத்தினால் கதை அறுந்துவிடும். மற்றவற்றைப் போகிற போக்கில் விளக்கிவிட்டு நகரலாம். நிறுத்திய சொற்களை அடுத்த வாரம் நீங்கள் வாசிக்கும் கதையிலோ வகுப்பில் பேசும் பேச்சிலோ வேண்டுமென்றே மீண்டும் கொண்டுவாருங்கள்.

அகராதியை, ஊகித்ததைச் சரிபார்க்கும் கட்டத்தில் கொடுங்கள். 'அடைந்தார்' என்று தேடினால் கிடைக்காது. 'அடை' என்னும் பகுதியை, அதாவது அடிச்சொல்லை, பிரித்தறிய முதலில் பழக வேண்டும். அங்கே போனாலும் தோசைக்கல்லில் வார்க்கும் அடையும் கோழி காக்கும் அடையும் காத்திருக்கும். எதைக் கொள்வது என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இந்த வயதுக்கு அது பெருஞ்சுமை. 1992இல் முதற்பதிப்பு கண்ட 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் பொருள் தருவதால், அது உங்கள் மேசையில் இருப்பது நல்லது.

வகுப்புத் தேர்வில் 'பொருள் எழுதுக' என்று கேட்பதையும் மாற்றிப் பாருங்கள். 'விளக்கை அணைத்தாள்', 'குழந்தையை அணைத்தாள்' என இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, அவள் என்ன செய்தாள் என்று தனித்தனியே எழுதச் சொல்லலாம்.