செய்மதியைப் பார்த்து கிணறு வெட்டலாமா?

திருகோணமலைக் கடற்கரையில், நிலாவெளிப் பக்கம் காணி வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "செய்மதிகள் நிலத்தடி நீரை அளக்கின்றனவாமே, அதை வைத்து என் காணியில் நல்ல தண்ணி எங்கே என்று பார்க்கலாமா?"

முடியாது. செய்மதிகள் நீரை அளப்பது உண்மைதான். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செய்மதிகள் இரண்டும் ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றின. கீழே நீர் கூடினால் அங்கே ஈர்ப்பும் சற்றுக் கூடும். அந்த இடைவெளி மயிரிழையை விடக் குறைந்த அளவில் மாறும். 2018 முதல் அடுத்த சோடி அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அவை பூமியைச் சில நூறு கிலோமீட்டர் அகலத் துண்டுகளாகத்தான் பார்க்கும். இலங்கையின் நீளமே ஏறக்குறைய 430 கிலோமீட்டர். கந்தளாய்க் குளத்து நீரும் மண் ஈரமும் நிலத்தடி நீரும் அவற்றுக்கு ஒரே பாரம்தான்.

உங்களுக்கு உதவுவது மின் தடைத்திறன் அளவை. நான்கு கம்பிகளை மண்ணில் குத்தி, வெளியே உள்ள இரண்டில் மின்சாரம் விட்டு, உள்ளே உள்ள இரண்டில் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். உவர்நீர் ஊறிய மணலில் தடை மிகக் குறைவு, நன்னீர் ஊறிய மணலில் அதிகம். களிமண்ணும் குறைவாகவே காட்டும். அதனால் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியை ருசி பார்க்காமல் அளவை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம், கிணற்று நீர் கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரம். பலர் கோட்டை விடுவது இதில்தான். கடற்கரை மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் இருக்கும். அப்படியானால் உயரத்தில் 20 சென்ரிமீட்டர் பிழைத்தால் கணக்கு 8 மீட்டர் பிழைக்கும். போன் ஜிபிஎஸ் உயரத்தில் பல மீட்டர் தவறக்கூடியது. ஜிபிஎஸ் உயரத்தை அளக்கத் தொடங்கும் கணக்குப் பரப்பை விட, இலங்கைக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்பு மட்டம் (ஈர்ப்பு தீர்மானிக்கும் கடல் மட்டம்) 106 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது; அந்தத் திருத்தம் போடாவிட்டால் நம் கடற்கரையிலேயே உயரம் மைனஸ் தொண்ணூறு மீட்டர் அளவில் காட்டும். பூமியின் காந்தப் புலத்தின் நடுக்கோடும் நமக்குப் பக்கம். பொழுது சாய்ந்த பிறகு மேல்வளி மண்டலம் குழம்பி ஜிபிஎஸ் சமிக்ஞை தடுமாறும், அளப்பதானால் பகலில் அளந்து பாருங்கள்.

ஒருமுறை கைக்கருவியால் கிணறுகளின் உயரம் எடுத்து வரைபடம் போட்டேன். தண்ணி கடலிலிருந்து ஊருக்குள் ஓடுவதாக வந்தது. இரண்டு நாள் மினக்கெட்டு மட்டக் கருவியும் அளவுகோலும் வைத்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். அதன் பிறகுதான் சரிவு சரியாக வந்தது.

உங்கள் காணிக்கும் அதையே செய்விக்கச் சொல்வேன். மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில், நீர் ஆகக் கீழே இருக்கும்போது அளந்து பாருங்கள். கிணற்றை ஆழமாக்காமல் அகலமாக வெட்டுங்கள். பெரிய மோட்டர் பூட்டி ஒரேயடியாக இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும்.