பேச வராத பிள்ளை

கேள்வி: என் மகன் பி.காம். முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிறான். ராமநாதபுரத்தில் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலைக்குக் கூப்பிட்டார்கள். "எனக்குப் பேச வராது, பொய் சொல்லவும் வராது, விக்கிற வேலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: பேச வராத பிள்ளை, ஒன்றரை வருஷம் சும்மா இருக்க உங்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அதுவும் மூன்று வேளைச் சோற்றோடு. இவ்வளவு பெரிய வியாபாரம் நம் மாவட்டத்தில் சமீபத்தில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை, அம்மா.

சரி, கிண்டல் போதும். கோளாறு உங்கள் பழமொழியில் இருக்கிறது. விற்பதென்றால் வாயடிப்பது என்று அவர் பயப்படுகிறார். நீங்களும் அதையே சொல்லி அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்கள்.

எங்கள் தெருவுக்கு மண்டபத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மீன்காரம்மா வருகிறார். கூவ மாட்டார். திண்ணையோரம் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மேலாக இருந்த விளமீனைக் காட்டி விலை கேட்டேன்.

"பொரிக்கவா, கொழம்புக்கா?"

"பொரிக்கத்தான்."

"அப்ப அதை எடுக்காதீக. அது நேத்து மீனு. புளி ஊத்தி வச்சாத் தெரியாது. பொரிச்சா வாசம் காட்டிக் குடுத்துரும்."

அடியிலிருந்து வேறொன்றை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. வயிற்றில் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழவில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேரம் பேச மறந்துபோனேன். கூடையைத் தூக்கும்போதுதான் கேட்டார்: "மக பிள்ளை பெத்து வந்திருக்காகளோ? வியாழக்கிழமை பால்சுறா கெடைச்சா எடுத்து வைக்கவா, புட்டுக்கு?" மகள் வந்திருப்பதை நான் சொல்லவே இல்லை. கொடியில் காய்ந்த சின்னத் துணிகளைப் பார்த்திருக்கிறார். வியாழக்கிழமை வியாபாரம் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது.

உங்கள் மகன் நினைக்கிற மாதிரி ஆளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு சங்குக் கடையில் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசி, சோழி ஒட்டிய கண்ணாடி ஒன்றை என் தலையில் கட்டினார் கடைக்காரர். பஸ் பாம்பன் தாண்டுவதற்குள் சோழியெல்லாம் பைக்குள் உதிர்ந்துவிட்டது. அவர் கணக்கும் தப்பில்லை. வடக்கே எங்கிருந்தோ வருகிறவர்கள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ரயிலேறிவிடுவார்கள். திரும்ப வந்து கண்ணாடியைக் காட்டிச் சண்டை போடப்போவதில்லை. மீன்காரம்மாவுக்கு நாளைக்கும் இதே தெருதான்.

இந்தப் பக்கத்துக்காரன் பதில் எழுதினால் கலாம் ஐயா வராமல் இருப்பாரா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடுகிற ரயிலிலிருந்து பேப்பர்க் கட்டுகளை வீசிவிட்டுப் போவார்கள். பேப்பர் விநியோகம் செய்த உறவினருக்காக அந்தக் கட்டுகளைச் சேகரிப்பதுதான் சிறுவனாக அவர் காசு சம்பாதித்த முதல் வேலை. அதில் பேச்சுக்கு ஏது இடம்? பேப்பர் வீட்டுக்கு வந்து சேர வேண்டும், அதுதான் வியாபாரம்.

விற்பனைப் பிரதிநிதி என்று சட்டைப்பையில் அட்டை குத்தியவர்தான் விற்கிறார் என்பதும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வீட்டில் காசு இருக்காது. அப்போது மளிகைக் கடையில் ஒரு அக்கா அரிசி கடன் கேட்டதைப் பார்த்தேன். கண்ணீர் இல்லை, கெஞ்சல் இல்லை. "அண்ணே, போன வருசத் தடைக்கு வாங்குனதை என்னைக்கு அடைச்சேன்னு நோட்டைப் பொரட்டிப் பாருங்க." கடைக்காரர் நோட்டை அவரையே திறக்க வைத்தார் அந்த அக்கா. கடைக்காரர் அரிசியோடு எண்ணெய்ப் பாக்கெட்டையும் சேர்த்து எடுத்து வைத்தார்.

பிரஷர் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மீனவரிடம் எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர் பேசியதும் நினைவில் இருக்கிறது. பக்கவாதம் வரும் என்று எல்லோரும் மிரட்டிப் பார்த்தாயிற்று. இவர் கேட்டது இவ்வளவுதான்: "நடுக்கடல்ல வலை இழுக்கையில தலை சுத்துனா, படகை யாருண்ணே கரைக்குக் கொண்டாருவா? கூட வர்ற மகன் சின்னப் பையன்ல?" மனுஷன் கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார். அந்தம்மாவின் சம்பளச் சீட்டில் விற்பனை என்று ஒரு வரியும் இருக்காது.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். கம்பெனி என்ன விற்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. மாசக் கடைசியில் டார்கெட் முடிக்க மாமா, சித்தப்பா தலையில் எதையாவது கட்டுகிற வேலை என்றால், வேண்டாம் என்று அவர் சொன்னது சரி. பொய் சொல்ல வராது என்பதைக் குறையாகச் சொல்லி எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. சொந்த மாமாவுக்கே தைரியமாகக் கொடுக்கலாம் என்கிற பொருளாக இருந்தால், மூன்று மாதம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பையைக் கொடுத்து அவரை மீன் வாங்க அனுப்புங்கள். என்ன மீன் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று விசாரிக்க வேண்டாம். மீன்காரம்மா அவரிடம் என்னென்ன கேட்டார் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.