முதல்முறை பனிச்சறுக்கு: எந்தச் சரிவு எளிது?

முதன்முறை பனிச்சறுக்கப் போகிறவர் எந்தச் சரிவில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவு எவ்வளவு கடினம் என்பதை நிறக் குறியால் காட்டுவார்கள். வட அமெரிக்கா என்றால் பச்சை வட்டம் போட்ட பாதை. பொதுவாக 25 சதவீதத்துக்கும் குறைவான சாய்வு. பிரான்சிலும் பச்சைதான். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நீலமே ஆக எளியது. அதே நீலம் அமெரிக்காவில் நடுத்தரம், ஏமாந்துவிடாதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. அந்தந்த மலையின் மற்றப் பாதைகளோடு ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அகலம்தான் முக்கியம். அகன்ற சரிவில் குறுக்காகப் போய் வேகத்தைக் குறைக்கலாம். மலையோரம் வளைந்து செல்லும் ஒடுங்கிய பச்சைப் பாதையில் அதற்கு இடமே இருக்காது. அடிவாரம் சமதளமாக முடிந்தால் தானாகவே நின்றுவிடுவீர்கள். இரவில் உறைந்த காலைப் பனி வழுக்கும், கொஞ்சம் இளகட்டும். முதல் நாள் நாற்காலி லிஃப்ட் வேண்டாம். நகரும் பட்டையில் நின்றபடியே மேலே போகும் பயிற்சித் திடல் போதும்.