டிஸ்கிரிப்ஷனை மாற்றினேன், வீலேன் போய்விட்டது!

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன் சார். 38 சுவிட்ச்கள். ஆன்லைன் தேர்வு வரும்போதெல்லாம் லேப் போர்ட்களைத் தேர்வு வீலேனுக்கு (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) மாற்றி, முடிந்ததும் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றாக லாகின் செய்து மாளவில்லை என்று பைத்தானில் ரெஸ்ட்கான்ஃப் (வெப் முகவரிக்குக் கோரிக்கை அனுப்பி சுவிட்சின் அமைப்பை மாற்றும் முறை) வழியாக முயன்றேன். சோதனைக்கு ஒரு போர்ட்டின் டிஸ்கிரிப்ஷனை, அதாவது விவரக் குறிப்பை, மட்டும் மாற்றினேன். அது மாறியது, வீலேன் உட்பட மற்ற அமைப்புகள் எல்லாம் காணோம். ஏன்?

பதில்: ஸ்கிரிப்டில் 'புட்' என்று இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும். 'இந்த போர்ட் இனி இப்படித்தான்' என்று முழுதாக எழுதிக் கொடுப்பதுதான் புட். நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. சொல்லாததெல்லாம் வேண்டாததென்று சுவிட்ச் அழித்துவிட்டது. அதன் மேல் தப்பில்லை. 'பேட்ச்' என்று மாற்றுங்கள். இருப்பதை வைத்துக்கொண்டு, அனுப்பியதை மட்டும் அதோடு சேர்க்கும்.

ஆனால் பேட்ச் சேர்க்குமே தவிர நீக்காது. கணினியைச் செருகும் ஆக்சஸ் போர்ட்டில் கவலையில்லை, வீலேன் எண் ஒன்றுதான், புதியது பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். பல வீலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில்தான் சிக்கல். பல நிறுவன சுவிட்ச்களுக்கும் பொதுவான ஓப்பன்கான்ஃபிக் மாடலில் டிரங்க் வீலேன்கள் ஒரு பட்டியல். அதில் 10, 20 இருக்கும்போது 30-ஐ பேட்ச் செய்தால் மூன்றும் இருக்கும். 10 போக வேண்டுமானால் அதற்குத் தனியாக 'டெலீட்' அனுப்ப வேண்டும்.

இன்னொரு சின்னத் தொல்லை. போர்ட் பெயர் 1/0/5 என்றிருந்தால் முகவரியில் சாய்கோட்டை அப்படியே போடாதீர்கள். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் பதிலாக சதவீதக் குறி, 2, எஃப். இதைக் கவனிக்காமல் 404 பிழையோடு அரைநாள் மல்லுக்கட்டியவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் அப்லிங்க், சுவிட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட். அதுதான் அந்த சுவிட்சுக்குத் தலைமதகு. அடைத்துவிட்டால் கடைமடை மட்டும் காய்வதில்லை, திறக்கச் சொல்லும் உங்கள் ஸ்கிரிப்டும் உள்ளே போக முடியாது. மன்னார்குடியில் ஒரு வேலையில் '1 முதல் 24 வரை' என்று லூப் எழுதிவிட்டு, 24 அப்லிங்க் என்பதை மறந்து, கன்சோல் கேபிளோடு மழையில் அடுத்த கட்டடத்துக்கு ஓடியவன் நான். அதற்குப் பிறகு எண் வரிசையை நம்புவதில்லை. முதலில் 'கெட்' செய்து, அதாவது இப்போதைய அமைப்பைப் படித்து, ஆக்சஸ் முறையில் இருக்கும் போர்ட்டை மட்டும் தொடுவேன். அந்தப் பழைய நிலையை ஒரு கோப்பில் போட்டு வைப்பேன். தேர்வு முடிந்ததும் திருப்புவதற்கும் அதே கோப்புதான்.

டிரங்கைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், சுவிட்சின் அமைப்பை மாற்றும் இன்னொரு முறையான நெட்கான்ஃப் நல்லது. டிசிபி போர்ட் எண் 830-இல் (சுவிட்சின் போர்ட் அல்ல) எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போகும். சுவிட்சில் 'கன்ஃபர்ம்டு கமிட்' வசதி இருந்தால், மாற்றியதை, வேறு நேரம் சொல்லாதவரை, 600 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சேமிப்பதையும் சோதித்துவிடுங்கள். மாற்றம் சேமிப்பில் தானாகவே ஏற வேண்டும் என்கிறது ரெஸ்ட்கான்ஃப் தரநிலையான ஆர்எஃப்சி 8040. நடைமுறையில் சில சுவிட்ச்களுக்குத் தனிக் கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது. தேர்வு நடுவே கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால், சேமிக்காத சுவிட்ச் பழைய வீலேனோடு எழுந்து உட்காரும். ஒரு சுவிட்சை நீங்களே அணைத்துப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

38-இல் சில பழசாக இருந்து ரெஸ்ட்கான்ஃபே இல்லையென்றால், அவற்றுக்கு மட்டும் நெட்மிகோ (எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளைகளை அனுப்பும் பைத்தான் நூலகம்) போதும்.