கேரவன் ஃபிரிட்ஜும் கார் பேட்டரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்பேர்னில் இருந்து மில்டூராவுக்கு கேரவனை இழுத்துக்கொண்டு போனோம். காஸ், 240 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ். வழி முழுக்க 12 வோல்ட்டில் போட்டிருந்தும் பாலில் குளிர்ச்சியே இல்லை. நடுவில் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் நிறுத்தினோம்; திரும்பி வந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பெரிய பேட்டரி போட வேண்டுமா?
— வாசகர், மெல்பேர்ன்

பதில்: வேண்டாம். முதலில் வயரைப் பாருங்கள்.

இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரெஸர் கிடையாது. அமோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் குளிரை உண்டாக்குகிறது. 12 வோல்ட்டில் அந்தச் சூட்டைத் தருவது ஒரு ஹீட்டர் கம்பி. 180 வாட் என்றால் 15 ஆம்பியர் இழுக்கும். பல மாடல்களில் 12 வோல்ட்டுக்குத் தெர்மோஸ்டாட் இல்லாததால் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 30 ஆம்பியர்-ஹவர் போய்விட்டது. கார் பேட்டரியின் கொள்ளளவே 60, 70தான். கொஞ்சம் பழைய பேட்டரி என்றால் மிச்சம் உள்ளதை வைத்து டீசல் எஞ்சினைச் சுழற்ற முடியாது. ஃபிரிட்ஜ் லைனில் 40 ஆம்பியர் ரிலே (தானாக இயங்கும் மின் சுவிட்ச்) ஒன்றைப் போட்டு, அதை இக்னிஷனோடு இணையுங்கள். சாவியை அணைத்ததும் ஃபிரிட்ஜ் தானாகத் துண்டிக்கப்படும். சாப்பாட்டு நேரத்துக்குக் காஸில் மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும்போது மறக்காமல் காஸை அணையுங்கள். எரியும் சுடரோடு பெட்ரோல் பங்குக்குள் நுழையவே கூடாது.

இனி, ஏன் குளிரவில்லை? எஞ்சின் ஓடட்டும், ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் இருக்கட்டும். கேரவனின் வெளிப்பக்கக் கீழ் வென்ட்டைக் கழற்றி, ஹீட்டர் வயர் சேரும் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.5க்கு மேல் காட்டினால் நல்லது. 12க்குக் கீழே போனால் கோளாறு வயரில். வோல்ட்டேஜ் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும்: 10.5 வோல்ட்டில் உங்கள் 180 வாட் ஹீட்டர் 138 வாட்தான் தரும்.

கார் பேட்டரியில் இருந்து ஃபிரிட்ஜ் வரை 10 மீட்டர் என்று வையுங்கள். கரன்ட் திரும்பி வரும் எர்த் வயரையும் சேர்த்தால் 20 மீட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆஸ்திரேலியக் கடைகளில் '6 எம்எம் ஆட்டோ' என்று விற்கும் வயரில் அந்த 6 என்பது மேலுறையையும் சேர்த்த தடிமன். உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். '4 எம்எம் ஆட்டோ'வில் 1.8தான், 15 ஆம்பியரில் அது கிட்டத்தட்ட 3 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 எம்எம்மில் 1.1 வோல்ட் போகும். 6 பி அண்ட் எஸ் (B&S என்ற வேறொரு வயர் அளவுமுறை) வயர் போட்டால், அதில் செம்பு 13.5 சதுர மி.மீ., இழப்பு 0.4 வோல்ட். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே போடுங்கள். எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டும். கேரவனைக் காரோடு மாட்டும் குண்டையும் (டோ பால்) வண்டியின் இரும்புச் சட்டத்தையும் (சேஸிஸ்) எர்த்துக்கு நம்பாதீர்கள். கார் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 50 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர், காரின் பின்னால் கேரவன் வயரை இணைக்க 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிக கரன்ட் தாங்கும் இணைப்பான்). ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வயர் முனையை அழுத்திப் பிடித்த இணைப்பு (கிரிம்ப்) சரியில்லை, அல்லது முனையில் பச்சை பூத்திருக்கிறது.

இன்னொன்று: 12 வோல்ட், ஏற்கெனவே உள்ள குளிரைக் காப்பாற்றும்; புதிதாகக் குளிர வைக்க அதை நம்ப முடியாது. கிளம்பும் முந்தைய நாளே வீட்டு 240 வோல்ட்டில் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களையே உள்ளே அடுக்குங்கள்.

கேள்வி: புதிய காரில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (தேவைக்கேற்ப வோல்ட்டேஜை மாற்றும் கார் ஜெனரேட்டர்). கேரவனில் கார் கரன்ட்டில் இருந்து பேட்டரியை நிரப்பும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி நிறைவதே இல்லை. ஃபிரிட்ஜும் அந்தப் பேட்டரியில்தான் இருக்கிறது.
— வாசகி, அடிலெய்ட்

பதில்: கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. சார்ஜர் தரும் 25இல் 15ஐ ஃபிரிட்ஜ் எடுத்துக்கொள்கிறது. ஆண்டர்சன் பிளக்கில் இருந்தே ஃபிரிட்ஜுக்குத் தனி வயர் இழுத்து, இக்னிஷன் ரிலே வழியாகக் கொடுங்கள். சார்ஜர் பேட்டரிக்கு மட்டும் வேலை செய்யட்டும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் கார் பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டேஜை 12.5 அளவுக்குக்கூட இறக்கிவிடும். அதனால் வோல்ட்டேஜைப் பார்த்துத் திறந்து மூடும் ரிலே உங்கள் காருக்கு உதவாது. அது பாதி வழியில் துண்டித்துவிடும். டிசி-டிசி சார்ஜரிலும் இக்னிஷன் சிக்னல் வயர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜை எடுத்துவிட்டுக் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் போடலாமா?
— வாசகர், பெர்த்

பதில்: பெரும்பாலும் கரன்ட் உள்ள கேரவன் பார்க்கில்தான் தங்குகிறீர்கள் என்றால் மாற்றாதீர்கள். காஸில் ஓடும்போது 9 கிலோ சிலிண்டர் ஃபிரிட்ஜுக்கு மட்டும் சுமார் மூன்று வாரம் வரும். 35 டிகிரிக்கு மேல் வெயில், சமமில்லாத தரை, கரன்ட் இல்லாத இடம் என்று போகிறவர்களுக்குத்தான் கம்ப்ரெஸர் லாபம். ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஆம்பியர்-ஹவர் கணக்கிடுங்கள். 100 ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதாவது ஒரு நாள் தாங்கும். அதே அளவு லித்தியத்தில் 80 எடுக்கலாம். 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 50 ஆம்பியர்-ஹவர் திருப்பித் தரும். லித்தியத்துக்குப் போனால் இப்போதுள்ள சார்ஜரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் சார்ஜர் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.