தட்டணுக்களும் மரபணுக்களும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): இரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்கு, மரபணுக்களைத் தாங்கும் உட்கருவே கிடையாது. அப்படியிருக்க, அதை மரபணுக்கள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன?

பதில்: கட்டுப்பாடு தட்டணுவில் அன்று, அதை ஈனும் தாயணுவில் நிகழ்கிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பேரணு, தான் பிளவுபடாமலேயே டிஎன்ஏவை மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டித்து, வழக்கமான 2 குரோமோசோம் தொகுதிகளுக்குப் பதிலாக 16, 32, சில வேளைகளில் 64 தொகுதிகளுடன் பருத்துவிடும். பின்னர் அது இரத்த நாளத்துக்குள் நீட்டும் இழைகள் ஓட்டத்தில் அறுபட்டுத் தட்டணுக்களாகின்றன. ரன்எக்ஸ்1, காட்டா1, எஃப்எல்ஐ1 ஆகிய மரபணுக்களின் புரதங்கள் பேரணுவை முதிர்ச்சியுறச் செய்ய, இழை விடும் கடைசிக் கட்டத்தை என்எஃப்-இ2 என்னும் புரதம் நடத்துகிறது. இது நீக்கப்பட்ட எலிகளின் மஜ்ஜையில் பேரணுக்கள் நிறைந்திருந்தும் இரத்தத்தில் தட்டணு ஏறக்குறைய இல்லை.

கேள்வி: எத்தனை தட்டணுக்கள் தேவை என்பதை உடல் எப்படி அறிகிறது?

பதில்: 1994இல் அடையாளம் காணப்பட்ட த்ராம்போபாயட்டின் என்னும் இயக்குநீரே இதற்கு விடை. கல்லீரல் அதை ஏறத்தாழ ஒரே அளவில் சுரந்துகொண்டிருக்க, தட்டணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள எம்பிஎல் ஏற்பியால் அதைப் பற்றி விழுங்கிவிடுகின்றன. தட்டணு குறைந்தால் விழுங்க ஆளின்றி மிஞ்சுவது மஜ்ஜையை எட்டி உற்பத்தியைத் தூண்டுகிறது. பிறவியிலேயே எம்பிஎல் பழுதான குழந்தைக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை பலன் தரும். ஆனால் த்ராம்போபாயட்டின் மரபணுவே பழுதாயிருந்தால் அது பலன் தராது, ஏனெனில் குறை இருப்பது கல்லீரலில். இந்த இரண்டாம் வகைக் குழந்தைகளுக்கு எம்பிஎல் ஏற்பியைத் தூண்டும் ரோமிப்ளோஸ்டிம் ஊசியே போதுமானதாக இருக்கிறது. நோயறிதலில் மரபணுச் சோதனை ஏன் வேண்டும் என்போருக்கு நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்குத் தட்டணு 70,000. ஸ்டீராய்டு கொடுத்தும் ஏறவில்லை. என் அண்ணனுக்கும் எனக்கும்கூடக் குறைவுதான், ஐயா.

பதில்: அம்மா, மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், ஆனால் குடும்பத்தில் இன்னாருக்கெல்லாம் குறைவு என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோய் எதிர்ப்பாற்றலின் பிழையால் வரும் குறைவுக்குத்தான் ஸ்டீராய்டு உதவும், பரம்பரைக் குறைவுக்கு உதவாது. கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். எம்ஒய்எச்9 மரபணு பழுதானவர்களின் தட்டணுக்கள் பூதாகரமாக இருப்பதால், எண்ணும் கருவி அவற்றைத் தட்டணு என்றே கருதாமல் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இவர்களுக்குச் செவித்திறன், சிறுநீரகம், கண் ஆகியவற்றையும் கவனித்து வர வேண்டும். தட்டணு பெரிதாக இருந்தாலே நோய் என்பதுமில்லை: மேற்கு வங்க இரத்தக் கொடையாளர்கள் பலரிடம் எத்தொல்லையும் தராத இத்தகைய நிலை இருப்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பதிவு செய்துள்ளனர். ரன்எக்ஸ்1, இடிவி6, ஏஎன்கேஆர்டி26 பழுதுகளில் மட்டும் இரத்தப் புற்றுநோய் அபாயம் கூடுதலாக உண்டு.

கேள்வி: டெங்குவில் குறைவதும் மரபணுவாலா?

பதில்: அன்று. அது தற்காலிகமானது, காய்ச்சல் தீர்ந்தபின் தானாக மீளும்.

கேள்வி: எண்ணிக்கை மிகுவதற்கும் மரபணு காரணமாகுமா?

பதில்: ஆகும், ஆனால் அது பெரும்பாலும் பிறந்தபின் மஜ்ஜையணு ஒன்றில் நேரும் பிறழ்வு. 2005இல் கண்டறியப்பட்ட ஜேஏகே2 பிறழ்வும் 2013இல் தெரியவந்த சிஏஎல்ஆர் பிறழ்வும், த்ராம்போபாயட்டின் வராமலேயே அதே எம்பிஎல் பாதையை ஓயாமல் இயங்கச் செய்கின்றன. மஜ்ஜையணுவில் மட்டும் நேர்வதால் இவை பொதுவாகப் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை.